மெல்லாமல் விழுங்கிய பழம்

வயிறு என்பது ஒரு பை என்று நான்காம் வகுப்பில் டீச்சர் சொன்ன நாளோடு என் நிம்மதி போயிற்று. அதுவரை வயிறு எனக்குப் பசிக்கிற இடம், அவ்வளவுதான். பை என்று தெரிந்த பிறகு, பைகளுக்கு வரக்கூடிய கேடுகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கின. பை கிழியும். தையல் விடும். அளவுக்கு மேல் திணித்தால் பிதுங்கும். ராஜபாளையத்தில் பருத்தி விளைவிக்கிற வீட்டில் பிறந்த பிள்ளை நான்; சாக்கு வெடித்துப் பஞ்சு சிதறியதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு படம் வைத்திருந்தார். ஆணியில் மாட்டினால் ஆள் உயரத்துக்குத் தொங்கும். அதில் ஒரு மனிதன், வயிறு முழுக்கத் திறந்துகிடக்க, ஒரு கவலையும் இல்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பான். டீச்சர் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். தின்ற சோறு தொண்டை வழியாக இறங்கி இந்தப் பைக்குள் தங்கும். அங்கே ஒரு புளிப்பு நீர் சுரக்கும். பை சுருங்கியும் விரிந்தும் சோற்றைப் பிசையும். மூன்று நான்கு மணி நேரத்தில் எல்லாம் கூழாகி, அடியில் இருக்கிற சின்ன வாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குப் போய்விடும். நன்றாக மென்றால் சீக்கிரம் செரிக்கும்; ஓடியாடி வேலை செய்தாலும் சீக்கிரம் செரிக்கும்.

அந்த அடி வாய் மூட மறந்துபோனால் என்ன ஆகும் என்று நான் எழுந்து கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பதில்தான் வரவில்லை.

இருதயமும் நுரையீரலும் ஐந்தாம் வகுப்புப் பாடம். அதற்குள் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆகவே மனித உடம்பைப் பற்றி நான் படித்தது வயிற்றோடு சரி. அந்த அரைகுறைப் படிப்பை நம்பி ஒரு மனிதர் தன் பிழைப்பையே பணயம் வைத்தார். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

பெற்றவர்கள் போன பிறகு மாமா எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். அம்மாவுக்கு அவர் தம்பி என்று பெயரே தவிர, நாங்கள் பிறக்கும் முன்பே அவளுக்கு இருந்த மூத்த பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல உழைப்பாளி. உயரத்துக்கும் குறைவில்லை. ஆனால் உடம்பில் சதை என்று ஒன்று ஒட்டவே ஒட்டாது. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை வைத்து எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். அப்பா அவரை ஒரு சொல் சொன்னதில்லை. தெருவில்தான் சொன்னார்கள். சோழபுரத்தில் ஒரு பெண் பேசி, பேச்சு முடிகிற நேரத்தில், "அக்கா வீட்டு உலையில சாப்பிடுதவனுக்கு எதை நம்பிப் பொண்ணு குடுக்க?" என்று பெண்வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். அன்று மாமா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பட்டாளத்துக்குப் போகிறேன் என்றார்.

அது இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் எடுக்க வருகிறார்கள் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். உயரம் பார்ப்பார்கள், மார்பு அளப்பார்கள், எடை போடுவார்கள். மாமா பருத்திப் பொதி அடுக்குகிற கிட்டங்கித் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். வேண்டிய எடைக்குச் சில ராத்தல் குறைந்தது.

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் அழவில்லை. "எடைதான கொறையுது? நா ஏத்தி விடுதேன்" என்று பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாமாவுக்குத் தனிச் சமையல். காலையில் கொள்ளுக் கஞ்சி. மத்தியானம் கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல். சாயங்காலம் ஊறவைத்த கொள்ளு. "குதிரை இதத்தான திங்குது? அது என்னமா ஓடுது பாத்தியா!" என்பாள். மாமா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். ஒரு மாதம் கழித்துக் கிட்டங்கிக்குப் போய் ஏறிப் பார்த்தால், இருந்ததிலும் இறங்கியிருந்தது.

அப்போதுதான் மாமா என்னிடம் வந்தார். களத்தில் காய்ந்த பருத்திச் செடிக் கட்டுக்கு மேல் உட்கார்ந்துகொண்டு, "ஏட்டி, ஒங்க டீச்சர் வயித்தப் பத்திச் சொன்னாகன்னு சொன்னியே, அதத் திருப்பிச் சொல்லு பாப்போம்" என்றார்.

சொன்னேன். பெரியவர் ஒருவர் என்னிடம் பாடம் கேட்பது அதுவே முதல் தடவை.

"அப்ப வயித்துக்குள்ள போனது மூணு நாலு மணி நேரம் அங்கேயேதான் கெடக்கும்?"

"ஆமா மாமா. பொறவு கூழாப் போயிரும்."

"மென்னு தின்னா?"

"வெரசாப் போயிரும்."

மாமா வெகுநேரம் யோசித்தார். யோசித்து, டீச்சர் சொன்னதை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். தராசில் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வயிறு நிறையத் தின்ன வேண்டும். மெல்லக் கூடாது, மென்றால் செரித்துவிடும், செரித்தால் எடை போய்விடும். ஓடக் கூடாது, ஆடக் கூடாது, சிரிக்கக்கூடக் கூடாது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தின்றது செரித்துவிட்டால் அது இல்லாமல் போய்விடுகிறது என்றுதான் நாங்கள் இருவரும் நம்பினோம். எனக்கு இருந்த ஒரே பயம், பை தாங்குமா என்பதுதான்.

நாள் வந்தது. என்னையும் கூட்டிப் போவதாக மாமா சொன்னார். வயிற்று விஷயத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் வேண்டுமே. அம்மா உடனே சரி என்றாள். "பொட்டப்பிள்ளையக் கூட வச்சிருந்தா அன்னைக்கே ரயிலேத்திக் கொண்டுபோயிற மாட்டாகல்ல" என்று அவள் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. புறப்படும் முன் எங்கள் இருவரையும் முழங்காலில் நிறுத்தி ஜெபம் பண்ணினாள். தம்பிக்கு எது நல்லதோ அதைச் செய்யும் ஆண்டவரே என்றாள். எது நல்லது என்று ஆண்டவருக்கு அவள் எடுத்துச் சொல்லவில்லை. ஜெபம் முடிந்ததும் ஒரு செம்பு கொள்ளுக் கஞ்சி வந்தது. நீர்த்த கஞ்சி. அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் மாமா பழைய சோற்றுப் பானையைத் திறந்து உருண்டை உருண்டையாக எடுத்து, மெல்லாமல் விழுங்கினார். ஒவ்வொரு உருண்டையும் தொண்டையில் இறங்குவதை நான் வெளியிலிருந்தே பார்த்தேன்.

அப்போது பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய பீப்பாயைக் கட்டி, அதில் கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். சமதரையில் போகும். மேடு வந்தால் நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். அன்றைக்கும் ஓர் ஓடைப் பாலத்து ஏற்றத்தில் நின்றது. கிழவர்கள்கூட இறங்கினார்கள். மாமா அசையவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, நீ என்ன மறுவீடு போற மாப்பிள்ளையா? எறங்கித் தள்ளுலே!" என்றார் கண்டக்டர்.

"வயித்துல சோறு இருக்குண்ணே."

"எங்களுக்கு மட்டும் வயித்துல வைக்கலா இருக்கு?"

பஸ்ஸைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் செரித்துவிடும் என்று நான் அவர் கையைக் கிள்ளினேன். அவருக்குப் பதிலாக நான் இறங்கித் தள்ளினேன். முகமெல்லாம் கரியோடு நான் ஏறி உட்கார்ந்தபோது மாமா தன் துண்டால் துடைத்துவிட்டார். அதையும் மெதுவாகத்தான் செய்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. மைதானத்தில் புளிய மரங்களுக்கு அடியில் நீள வரிசை. செட்டியார்பட்டிப் பையன்கள், மலையடிவாரத்து ஆட்கள், எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பையன் ஒருவன். எல்லாருக்கும் விலா எலும்பு தெரிந்தது. வரிசையின் கோடியில் பருத்திப் பொதி நிறுக்கிற பெரிய தராசை யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். முன்னால் நிற்பவர்களைக் கணக்குப் போட்டு, இன்னும் செத்த நேரத்தில் முறை வந்துவிடும் என்று நான் சொன்னதும், மரத்தடியில் வாழைப்பழம் விற்ற வயதான பழக்காரம்மாளிடம் மாமா போனார்.

பழத்தை உரிப்பார், தலையை அண்ணாந்து நேராக உள்ளே விடுவார், கண் பிதுங்கும், தண்ணீர் குடிப்பார், அடுத்தது. பிற்காலத்தில் மாமா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பழங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். நான் பார்த்தது ஒரு சீப்புக்குக் கொஞ்சம் குறைவு. அதுவே போதும்.

பழக்காரம்மாள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பல்லு இல்லியாய்யா ஒனக்கு?" என்றாள்.

"எடை பத்தலத்தா."

"அதுக்கு இன்னைக்கா திம்பாக? வீட்டுல என்னதான் ஆக்கிப் போட்டாக?"

"ஒரு மாசமாக் கொள்ளு" என்றேன் நான், பெருமையாக.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளும்பாக. இருக்கிற சதையும் கரைஞ்சிருமே! யாரு ஆக்கிப் போட்டது, பொண்டாட்டியா?"

"அக்கா" என்றார் மாமா.

"அப்ப ஒங்கக்கா வெவரமானவதான்."

மாமாவின் கையில் பாதி உரித்த பழம் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "இந்தக் கெழவி சொன்னத ஒங்கம்மாட்டச் சொல்லிராத, என்ன?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. பழம் விழுங்கியதால் என்று நினைத்தேன். கடைசிப் பழத்தை விழுங்கி, ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு வரிசைக்குப் போனார்.

பெண்பிள்ளையை வரிசையில் நிறுத்த மாட்டார்கள் அல்லவா, நான் தராசுக்குப் பக்கத்திலிருந்த மரத்தடியில் நின்றுகொண்டேன். மாமாவின் வயிறு எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. எலும்புக்கூட்டுக்குக் கீழே ஒரு சின்ன மண் கலயத்தைக் கவிழ்த்துக் கட்டியதுபோல் இருந்தது. முறை வந்தது. தராசில் ஏறினார். கம்பி ஆடியது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நடுவில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் "சரி" என்றார். நான் மரத்தைக் கட்டிக்கொண்டேன். சந்தோஷம் என்றால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று நினைத்தேன்.

அடுத்து டாக்டர். எங்கள் பக்கத்துப் பேச்சுப் பேசுகிற, நரைத்த மீசை வைத்த மனிதர். கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பெஞ்சில் படுக்கச் சொல்லி வயிற்றில் கையை வைத்து அமுக்கினார். மாமா "அம்மா!" என்று சுருண்டார்.

அதற்கு முன்பே வலி ஆரம்பித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். முகம் வெளுத்து, வியர்வை வழிந்தது. டாக்டர் மறுபடி அமுக்கினார். மறுபடி சுருண்டார்.

"எத்தனை நாளா இந்த வலி?"

மாமா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வார்? இன்றைக்குத்தான் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பழத்தைத் தின்று எடை காட்டினேன் என்றால் அந்த எடை செல்லாது என்பார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அவர் வயிற்று நோய்க்காரர்.

"வயித்துக் கோளாறுள்ளவன எடுக்க முடியாதுப்பா. வீட்டுக்குப் போயி வைத்தியம் பாரு" என்றார் டாக்டர். எழுதுகிறவர் பேனாவை மைக்கூட்டில் முக்கினார்.

மாமா எழுந்து உட்கார்ந்து என்னைத்தான் பார்த்தார். அந்த முகத்தை நான் சோழபுரத்துக்காரர்கள் எழுந்து போன அன்றைக்குப் பார்த்திருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்குப் பட்டாளமும் ஞாபகமில்லை, கல்யாணமும் ஞாபகமில்லை. பை கிழிந்துவிட்டது என்பது மட்டும்தான். ஓடிப்போய் டாக்டர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அவியளுக்குக் கோளாறு இல்ல சார்! வாழப்பழத்த மெல்லாம முழுங்கிட்டாக! நெறைய! மென்னா செரிச்சிருமின்னு நாந்தான் சொன்னேன்! பை வெடிக்கப்போவுது, எப்பிடியாச்சும் வெளிய எடுத்துருங்க!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி அந்த வயிற்றை விரலால் தட்டினார். குடத்தில் தண்ணீர் தளும்புவதுபோல் சத்தம் வந்தது. அவ்வளவுதான். அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

எங்கள் கணக்கை முழுக்கக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "ஏய்யா, பழம் வயித்துல கெடந்தா என்ன, கொடல்ல கெடந்தா என்ன? எங்க கெடந்தாலும் ஒனக்குள்ளதான கெடக்கு? தராசுக்கு எடம் தெரியுமா? நீ வெளிய போயிட்டு வந்தாத்தான் கொறையும். நல்லா மென்னே தின்னுருக்கலாமே!" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பஸ்ஸையும் தள்ளியிருக்கலாம்.

டாக்டருக்கு என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். வீட்டுக் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கமலைச் சாலு தோல்தான? தண்ணி இல்லாதப்ப சுருங்கிக் கெடக்கும். உள்ள ஏற ஏற விரிஞ்சு குடுக்கும். வயிறும் அப்பிடித்தான். சோறு வருதுன்னு தெரிஞ்சாலே எடம் விட்டுக் குடுக்கும். அவ்வளவு சுளுவா வெடிக்காது. சாலுக்கு அடியில தண்ணி கொட்டுத தோல் வாலு இருக்குல்ல? கயித்தப் பிடிச்சிருக்க வரைக்கும் தண்ணி கொட்டாது. வயித்துக்கும் அதுமாதிரி ஒரு வாய் உண்டு. ஆனா மொத்தமாக் கொட்டாது. கூழானத மட்டும் கொஞ்சங் கொஞ்சமா விடும். கட்டியா வந்தா விடாது, திருப்பித் தள்ளிப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கும். ஒங்க மாமன் பல்லு செய்யாத வேலைய இப்ப வயிறு செய்யுது. அதான் வலி."

"அந்த வாய் மூட மறந்துபோச்சுன்னா சார்?"

"மறக்காது. நீ தூங்கும்போது அது முழிச்சிருக்கும்."

பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பதில் எனக்கு அந்தப் புளிய மரத்தடியில் கிடைத்தது. வெகுகாலம் அந்த ஒரு வாக்கியத்தை நினைத்துக்கொண்டுதான் நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

எழுதுகிறவர், மறுபடி எடை போடவா என்று கேட்டார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "பழத்தையும் ஆளையும் பிரிச்சு நிறுக்க நம்மகிட்டத் தராசு இல்ல. நோய் ஒண்ணும் கெடையாது, எழுதிக்கோ. மிச்சச் சதைய சர்க்கார் சோறு போட்டுக்கும்." மாமாவுக்கு ஒரு கிளாஸ் ஓமத் தண்ணீர் கொடுத்து, மரத்தடியில் உட்கார வைத்தார்கள். ஒரு வாரத்தில் மதுரைக்கு வந்து சேர வேண்டும் என்று சீட்டு வந்தது. திரும்பும்போது அதே ஏற்றத்தில் பஸ் நின்றது. மாமாதான் முதலில் இறங்கித் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நானே ஓடிப்போய்ச் சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள் என்றேன். பஸ் தள்ளியது, பழம் விழுங்கியது, டாக்டர் சிரித்தது, எல்லாம் சொன்னேன். பழக்காரம்மாள் சொன்னதை மட்டும் மாமா சொன்னபடி விட்டுவிட்டேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை. "எடை பத்துச்சா?" என்று மட்டும் மாமாவிடம் கேட்டாள். "பத்துச்சுக்கா" என்றார் அவர்.

மறுநாள் காலையில் கொள்ளுப் பானை அடுப்பில் இல்லை. உளுந்து வறுக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து, கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் ததும்ப ஊற்றி மாமாவுக்கு முன்னால் வைத்தாள் அம்மா. மத்தியானம் முட்டை. அடுத்த நாள், அடைக்கு வைக்கவென்று வளர்த்த வெடைக்கோழி குழம்பாகியது. நெய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்பா ஒரு நாள் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நாளும் இதெல்லாம் எங்க இருந்துச்சு?" என்றார். அம்மா அவர் தட்டிலும் ஒரு கரண்டி போட்டு வாயை அடைத்தாள்.

எனக்கு அம்மாவின் புத்தியை நினைத்தால் வருத்தமாக இருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "எடைதான் போட்டாச்சே, இனிமே எதுக்கும்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். மாமாவின் தட்டில் இன்னொரு களி உருண்டையை வைத்தாள்.

மாமா அதை நன்றாக, நிதானமாக மென்று தின்றார். வயிறு நிறைந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அரைஞாண் கயிற்றைத் தளர்த்தியிருந்தார், மூச்சு மேல் மூச்சு வாங்கியது. ஆனாலும் அம்மா அடுத்த உருண்டையை எடுத்தபோது தட்டை நீட்டினார். அந்த ஒரு வாரமும் அவர் போதும் என்று சொல்லவில்லை. அவளும் போதுமா என்று கேட்கவில்லை. இரண்டு பேரில் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட மாட்டார்களா, பையைப் பற்றிய என் கவலை தீராதா என்று, நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.